பறிமுதல் செய்த பத்திரிகை

எமது வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய பாடக்குறிப்புகளுக்கும் ஆசிரியர் சங்கத் துண்டுப்பிரசுரங்களுக்கும் இடையே, மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கையெழுத்துப் பத்திரிகை கிடந்தது. அது எமக்கு அன்பளிப்பாக வந்ததன்று, விலைகொடுத்து வாங்கியதுமன்று. வகுப்பறையில் ஒரு மாணவனின் கையிலிருந்து நாம் பறித்தெடுத்தது. 24 பக்கங்கள். பழைய பரீட்சை வினாத்தாள்களின் வெற்றுப் பின்புறங்களை மேலே வருமாறு மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்து, அட்டைக்குச் சீமெந்துப் பையின் உட்காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். அட்டையில் வர்ணப் பென்சிலால் ஒரு தீவின் படம். மூலையில் 'இதழ் 2' என்றிருந்தது. பத்திரிகைக்கு ஒரு பெயரும் உண்டு. ஆயினும் அதனை இங்கே எழுத அதன் ஆசிரியர்களிடம் நாம் அனுமதி பெறவில்லை. ஒருமுறை அனுமதியின்றி எடுத்தது போதும்.

அது 2022ஆம் ஆண்டு. நாடு வங்குரோத்தாகிக் கிடந்த காலம். காகிதம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் அவ்வாண்டு மார்ச்சில் ஒத்திவைக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாளிதழ்கள் சிலவும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அப்படிப்பட்ட நாளில், உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தோம். கரும்பலகையில் சோசலிசத்தைப் பற்றி எழுதி, உழைப்பவனிடமிருந்து அவனது உழைப்பின் பயன் எவ்வாறு பறிக்கப்படுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வாங்கில் தலைகள் குனிந்திருப்பதைக் கண்டோம். போனோம், பிடுங்கினோம், புரட்டினோம். 'ஃப்ரீ ஃபயர்' என்னும் கைத்தொலைபேசி விளையாட்டைப் பற்றிய பத்திரிகை! இதற்கு மேல் வாசிக்க என்ன இருக்கிறது? வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி இரண்டு வசனம் பேசினோம். அவ்வசனங்களை இன்று நினைவுகூர விரும்பவில்லை.

எமது கோபத்துக்குக் காரணங்கள் இருந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிப் பாடத்துக்கென்று தாய்மார் காதுத் தோட்டை அடகுவைத்துக் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தார்கள். பாடம் வந்ததோ இல்லையோ, விளையாட்டு வந்தது. 50 பேர் ஒரு தீவில் பரசூட்டில் இறங்கி, ஒருவரையொருவர் சுட்டு, எஞ்சி நிற்பவர் வெல்லும் விளையாட்டு அது. வியட்நாமில் ஆக்கப்பட்டு, சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட கரேனா நிறுவனத்தால் 2017இல் உலகச் சந்தையில் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சத்தத்தை மெய்யாகவே கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். முப்பதாண்டுப் போர் 2009இல் முடிந்தும், அந்த ஓசை காதில் முடியவில்லை. எமது பிள்ளைகள் அதை விளையாட்டாகக் கேட்பதைப் பொறுத்துக்கொள்ள எம்மால் முடியவில்லை. இந்த உணர்ச்சி பிழையென்று இன்றும் நாம் சொல்லமாட்டோம். பிழை வேறிடத்தில் இருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பத்திரிகைக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவன் ஆலையடிவேம்பில் எமது மாணவன். மற்றவன் அக்கரைப்பற்றுப் பையன், வேறு பாடசாலை. இவ்வூர்களை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை: ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். சந்தை ஒன்று, கடல் ஒன்று, மொழி ஒன்று. ஆனால் பிரதேச செயலகம் இரண்டு, பாடசாலைகள் தமிழ்ப் பாடசாலை என்றும் முஸ்லிம் பாடசாலை என்றும் வேறுவேறு. போர்க்காலத்தில் இரு சமூகங்களும் ஒன்றுக்கொன்று செய்தவற்றையும், ஒன்றின்மேல் ஒன்று ஏவப்பட்டவற்றையும் இரு பக்கத்திலும் மூத்தோர் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அந்த இரு பையன்களும் பழகியது பாடசாலையிலன்று, விளையாட்டு மைதானத்திலன்று. நால்வர் கொண்ட அணியாகச் சேர்ந்து ஆடும் அந்தத் திரைக்குள். முகம் காணாமல் கூட்டுச்சேர்ந்தபின், இருவரும் அரைக் கட்டை தூரத்தில் வசிப்பவர்கள் என்று தெரிந்திருக்கிறது. அன்று அப்பெயரைப் பத்திரிகையில் கண்டபோது நாம் கேட்ட கேள்வி, “இது யார் பொடியன்?” என்பது. கேட்ட தொனி எமக்குத் தெரியும். முற்போக்கு மேடைகளில் இன ஐக்கியம் பேசும் நாவுக்கு வகுப்பறையில் அந்தத் தொனியும் கைவரும்.

பத்திரிகை அலுமாரிக்குப் போயிற்று.

சென்ற ஆண்டு ஒரு பாடசாலை மலருக்காகக் கையெழுத்துப் பத்திரிகைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நண்பர் ஒருவர் கேட்டார். எமது நாட்டு இலக்கிய வரலாற்றில் அதற்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்தில் 'மறுமலர்ச்சி' 1946இல் அச்சேறுமுன் கையெழுத்து ஏடாகவே உலவியது. முடிதிருத்தும் தொழிலாளியாயிருந்த டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யும், எமது கல்முனையிலிருந்து எம். ஏ. நுஃமான் கொண்டுவந்த 'கவிஞன்' என்னும் சிற்றேடும், தொண்ணூறுகளில் எம். பௌசரின் 'மூன்றாவது மனிதன்'-உம் அச்சில் வந்தவைதாம். ஆயினும் அவற்றின் பிறப்பும் மூலதனம் இல்லாத பிறப்பே. பாடசாலைகளில் றோணியோ இயந்திரத்தில் மை படிந்த விரல்களோடு நாமும் அவ்வாறு இரண்டு இதழ் வெளியிட்டதுண்டு. மூன்றாவது வரவில்லை. இத்தகைய ஏடுகளுக்கு மூன்றாவது இதழே கண்டம் என்று நாம் நெடுநாளாக நம்பி வந்தோம்.

கட்டுரைக்காக வேற்று நாட்டு வரலாறுகளையும் புரட்டினோம். யப்பானில் கையெழுத்து ஏடு ஒரு பெரும் மரபு. 1885இல் ஒசாகி கோயோ முதலிய இளைஞர்கள் 'கராகுதா புங்கோ' என்னும் இலக்கிய ஏட்டைத் தொடங்கியபோது, அது கையால் எழுதப்பட்டு அங்கத்தவர்களிடையே கைமாறியது. அச்சு பிறகே வந்தது. ஒத்த ரசனையுடையோர் கூடித் தாமே எழுதித் தாமே வெளியிடும் இத்தகைய ஏடுகளை அவர்கள் 'டோஜின்ஷி' என்றழைத்தனர். இலக்கியத்தில் தொடங்கிய அம்மரபு சித்திரக்கதைக்குப் பரவியது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் முதலாவது சித்திரக்கதைச் சந்தை கூடியபோது 32 குழுக்களே கடை விரித்தன. அந்த மரபின் ஒரு கிளையில் 'கேம் ஃப்ரீக்' என்ற பெயரைக் கண்டோம். விளையாட்டுப் பைத்தியம் என்று பொருள் கொள்ளலாம். காணொளி விளையாட்டுகளுக்கென்றே 1983இல் தொடங்கப்பட்ட கையெழுத்துப் பத்திரிகை. அதன் முதல் இதழ்கள் பற்றிய விவரணையை வாசித்தோம்: கையால் எழுதி, பிரதியெடுத்து, மடித்து, பின் அடித்தது. எமது கண் தன்னையறியாமல் அலுமாரியின் கீழ்த்தட்டுக்குப் போயிற்று.

அந்தப் பத்திரிகையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

சதோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தார். தந்தை மோட்டார் வாகன விற்பனையாளர். பையனுக்குப் பூச்சி பிடிப்பதில் பித்து. 'பூச்சி டொக்டர்' என்று சக மாணவர்கள் பட்டப்பெயர் வைத்திருந்தனர். வயலும் குளமுமாயிருந்த மச்சிதா எழுபதுகளில் கட்டடங்களால் மூடுண்டது. பூச்சிகள் போயின. பூச்சி இருந்த இடத்தில் விளையாட்டு இயந்திரக் கூடங்கள் வந்தன. 1978இல் தைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நாடெங்கும் பரவியது. (அதனால் யப்பானில் நாணயத் தட்டுப்பாடே வந்துவிட்டது என்றொரு கதை உண்டு, நம்புவதற்கு ஆதாரமில்லை. வியாபாரிகள் தம் வெற்றியைப் பாட்டுக் கட்டிப் பாடுவது எங்கும் உள்ளதே.) தஜிரி வகுப்புக்குப் போகாமல் கூடத்துக்குப் போனார். பெற்றோர் கவலைப்பட்டனர். மின்சாரக் கம்பனியில் ஒரு வேலைக்குத் தந்தை வழிசெய்தார், மகன் மறுத்தான். அக்கரைப்பற்றுக் கடைத்தெருவிலும் இதே கதையை நாம் நாள்தோறும் கேட்கலாம்.

இந்த இடத்தில் விளையாட்டுக் கூடத்தின் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ளாமல் அந்தப் பத்திரிகையை விளங்கிக்கொள்ள முடியாது. ஓர் இயந்திரத்தில் 100 யென் நாணயம் ஒன்றைப் போட்டால் ஓர் ஆட்டம். ஆடுபவன் விரைவில் தோற்றால் அடுத்த நாணயம் விழும். ஆகவே இயந்திரத்தை ஆக்குபவனுக்கு ஒரு நுட்பமான கடமை உண்டு: ஆடுபவனைத் தோற்கடிக்கவும் வேண்டும், 'இன்னொருமுறை போட்டால் வென்றுவிடலாம்' என்று ஏங்கவைக்கவும் வேண்டும். கூடத்துக்காரனின் இலாபம் அந்த ஏக்கத்தின் நீளத்தில் இருக்கிறது. நாணயம் குறைந்த பையனுக்கோ வழி ஒன்றுதான்: ஒரு நாணயத்தின் ஆயுளை நீட்டுவது. எதிரி எந்த ஒழுங்கில் வருகிறான், எந்த மூலையில் நின்றால் குண்டு படாது, எந்த இடத்தில் சுட்டால் மறைந்திருக்கும் கோபுரம் வெளிப்படும் என்றெல்லாம் இயந்திரத்தின் உள்விதிகளைக் கண்டுபிடித்தவன் ஒரு நாணயத்தில் ஒரு மணிநேரம் ஆடுவான். இந்த அறிவைக் கம்பனி சொல்லாது. அன்றைக்கு இதற்கென வணிகப் பத்திரிகைகளும் அரிதாகவே இருந்தன. யப்பானில் இன்றளவும் பெயர்பெற்ற 'ஃபமிட்சு' 1986இல்தான் பிறந்தது. அந்த அறிவு கூடத்தில் வாய்வழியாகவே உலவியது. பதினேழு வயதுத் தஜிரி அதை எழுதிவைத்தார். அதுதான் கேம் ஃப்ரீக்.

ஆரம்பத்தில் தனியொருவராக எழுதி, பிரதியெடுத்து, பின் அடித்து, டோஜின்ஷி விற்கும் கடைகளில் வைத்தார். அப்படி ஒரு கடையில் அதைக் கண்டெடுத்த கென் சுகிமோரி என்னும் இன்னோர் இளைஞர் தேடிவந்து படம் வரைபவராகச் சேர்ந்தார். இருவர் சேர்ந்தபின் பத்திரிகை வளர்ந்தது. நாம்கோ நிறுவனத்தின் 'செவியஸ்' என்ற விளையாட்டைப் பற்றி எழுதியபோது விற்பனை உச்சத்தை எட்டிப் பத்தாயிரத்தைத் தொட்டது என்று சொல்லப்படுகிறது. அதில் வியப்பில்லை. செவியஸை ஆக்கிய மசநொபு எந்தோ அதனுள் கண்ணுக்குத் தெரியாத கோபுரங்களையும் கொடிகளையும் புதைத்துவைத்திருந்தார். எங்கே என்பது பெருங்கேள்வி. மெய்யும் வதந்தியும் கலந்து உலவின. மெய்யைப் பொய்யினின்று பிரித்துச் சொல்லும் ஏடு வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதுவேயன்றோ?

யப்பானுக்கு மட்டும் உரிய வரலாறன்று இது. அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் நடத்திய விஞ்ஞானக் கதை ஏடுகளில் வாசகர் கடிதங்களோடு அவர்களின் முகவரியையும் அச்சிட்டார்கள். முகவரி கிடைத்ததும் வாசகர் ஆசிரியரை விட்டுவிட்டுத் தமக்குள் எழுதத் தொடங்கினர். 1930இல் 'தி கொமெற்' என்ற ரசிகர் ஏடு அப்படிப் பிறந்தது. அங்ஙனம் ரசிகர் ஏடுகளில் எழுதிப் பழகிய ஆர்னி காட்ஸ், பில் குன்கெல், ஜொய்ஸ் வோர்லி ஆகிய மூவர்தாம் 1981இல் காணொளி விளையாட்டுகளுக்கென 'எலெக்ட்ரோனிக் கேம்ஸ்' என்னும் இதழை அங்கே தொடங்கினர். எமது வானொலியின் நேயர் நிகழ்ச்சிகளும் பத்திரிகைகளின் பேனா நண்பர் பகுதியும் எத்தனை எழுத்தாளரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்தன என்பதை எமது வயதினர் அறிவர். முகவரிதான் மூலதனம்.

இவ்வளவும் வாசித்தபின் அலுமாரியைத் திறந்தோம். பறித்த நாளில் புரட்டியதோடு சரி. அன்றுதான் முதன்முதலாக அந்தப் பத்திரிகையை வாசித்தோம்.

அட்டையிலிருந்த தீவு, விளையாட்டில் வரும் பெர்முடா என்னும் தீவு. அதிலும் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறதாம். அக்கரைப்பற்றுச் சந்தியிலும் மணிக்கூட்டுக் கோபுரம் உண்டல்லவா? பையன்கள் இரண்டையும் அருகருகே வரைந்திருந்தார்கள். விளையாட்டுத் தீவின் பாதைகளுக்கு எமது ஊர்களின் பெயர்களை இட்டிருந்தார்கள்: ஆற்றைக் கடக்கும் பாலத்துக்குப் பனங்காட்டுப் பாலம் என்று பெயர். சோதனைச் சாவடி ஒன்று வரைந்து 'இங்கே அடையாள அட்டை தேவையில்லை' என்று எழுதியிருந்தார்கள். போர் முடிந்தபோது இவர்களுக்கு நான்கைந்து வயதுதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆனால் எம்மை நிறுத்தியது ஒன்பதாம் பக்கம். அதன் தலைப்பு: 'வைரம் வாங்காதே'. ஃப்ரீ ஃபயர் பெயருக்கு இலவசம். உள்ளே சட்டைக்கும் துப்பாக்கியின் நிறத்துக்கும் 'வைரம்' என்னும் பொய்நாணயம் வேண்டும். அதை மெய்ப்பணம் கொடுத்து வாங்கவேண்டும். ஒரு சுழல்சக்கரமும் உண்டு. வைரத்தைக் கட்டிச் சுழற்றினால் அதிர்ஷ்டம் இருந்தால் பரிசு. அந்தப் பையன்கள் தம் நண்பர்களிடம் கேட்டு, யார் எத்தனை முறை சுழற்றினார், எவ்வளவு பணம் போட்டார், என்ன கிடைத்தது என்று அட்டவணை போட்டிருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் கோடுதான். கீழே ஒரு வரி: சட்டை மாற்றினால் சூடு படாமலிருக்காது. அதற்கடுத்த பக்கத்தில் பணம் செலவழிக்காமலே எவையெவை கிடைக்கும், அதற்கு எந்த நாளில் உள்ளே போகவேண்டும் என்ற விவரம். ரீலோட் போட வீட்டில் காசில்லாத பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட பக்கங்கள் அவை.

நுகர்வுக் கலாசாரத்தைப் பற்றி நாம் ஆசிரியர் கருத்தரங்குகளில் ஆற்றிய உரைகளை எண்ணிப் பார்த்தோம். எமது உரைகளைக் கேட்டு ஒரு பிள்ளையாவது ஒரு ரூபாயை மிச்சம் பிடித்ததா? இந்த ஒன்பதாம் பக்கம் இரண்டு பாடசாலைப் பிள்ளைகளின் கையில் உலவியிருந்தால் பிடித்திருக்கும். அதை உலவவிடாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டியது, கரும்பலகையில் சோசலிசம் எழுதிய கை.

விளையாட்டை விளையாடுபவன் வெறும் மயக்கத்தில் கிடக்கிறான் என்பது எமது பழைய எண்ணம். மயங்கிக் கிடப்பவர் பலர் உண்டு, மறுக்கவில்லை. இரவு முழுவதும் விழித்துக் காலையில் வாங்கில் உறங்கும் முகங்களை நாம் அறிவோம். ஆனால் பத்திரிகை எழுதுபவன் மயங்கியவனல்லன். எழுதுவதற்கு ஆட்டத்தை நிறுத்தவேண்டும். நிறுத்தி, இது ஏன் இப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, யாருக்காக அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கவேண்டும். கேட்டவன் இயந்திரத்துக்கு வெளியே ஓர் அடி வைத்துவிட்டான். கேம் ஃப்ரீக் எழுதியவர்கள் அப்படி வெளியே வந்து பார்த்தபோது ஒரு முடிவுக்கு வந்தனர்: சந்தைக்கு வரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை நன்றாக இல்லை. பழித்துக்கொண்டிருப்பதா, தாமே ஒன்றைச் செய்வதா? தஜிரி நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டு இயந்திரத்தைக் கழற்றி அதன் உள்ளமைப்பைப் படித்தார். நிரலெழுதக் கற்றார். 1986இல் பத்திரிகை நின்றது. 1989 ஏப்ரலில் அதே பெயரில் ஒரு நிறுவனம் எழுந்தது. அவ்வாண்டே 'குவின்டி' என்னும் அவர்களின் முதல் விளையாட்டை நாம்கோ வெளியிட்டது. யாருடைய இயந்திரங்களைப் பற்றிப் பின் அடித்த தாள்களில் எழுதினார்களோ, அந்த நிறுவனமே.

அதன்பின் நடந்தது உலகறிந்தது. கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை ஒரு கம்பியால் இணைக்கலாம் என்று கண்டபோது, அக்கம்பி வழியே ஒரு பூச்சி ஊர்ந்து மறுகருவிக்குப் போவதாகத் தஜிரி கற்பனை செய்தார். மச்சிதாவின் குளத்தோடு புதையுண்ட பூச்சிகள் அந்தக் கம்பியில் திரும்பிவந்தன எனலாம். செய்து முடிக்க ஆறாண்டுகள் சென்றன. பணமின்றி ஊழியர் சிலர் விலகினர். தஜிரி சம்பளம் எடுக்காமல் தந்தையின் ஆதரவில் காலம் தள்ளினார். 1996 பெப்ரவரி 27இல் 'போக்கிமோன்' வெளிவந்தது. சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகள். ஒன்றில் உள்ள சில பிராணிகள் மற்றதில் இல்லை. எல்லாவற்றையும் சேர்க்கவேண்டுமாயின் இன்னொரு பிள்ளையிடம் பண்டமாற்றுச் செய்தேயாகவேண்டும். அதன் பிராணிகளுக்கு உருவம் கொடுத்தவர், கடையில் பத்திரிகையைக் கண்டு தேடிவந்த அந்தச் சுகிமோரிதான்.

இதை ஒரு தோழரிடம் உற்சாகமாகச் சொன்னோம். அவர் குளிர்ந்த நீரை ஊற்றினார். “ஏழைப் பொடியன் கோடீஸ்வரனான கதைதானே? இதைத்தானே கம்பனிகள் எல்லாம் பாட்டாகப் பாடுகின்றன! இரண்டு பதிப்பு விற்றதும் இரண்டு மடங்கு விற்கத்தானே?” என்றார். அவர் சொன்னதில் நியாயமில்லாமலில்லை. அந்த நியாயத்தின் பின்கதையையும் சொல்லுவோம். போக்கிமோன் இன்று உலகின் மிகப்பெரிய வணிகச் சரக்குகளுள் ஒன்று. 2016 ஓகஸ்டில் 'போக்கிமோன் யுரேனியம்' என்ற பெயரில் ரசிகர் சிலர் ஒன்பதாண்டு உழைத்து, ஊதியம் பெறாமல் ஆக்கிய விளையாட்டொன்றை இலவசமாக வெளியிட்டனர். சில நாட்களில் 15 இலட்சம் தடவை அது தரவிறக்கப்பட்டது. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்காக வழக்கறிஞர்கள் அறிவித்தல் அனுப்பினர். ஆக்கியவர்கள் அதை விலக்கிக்கொண்டனர். ரசிகரின் கையெழுத்தில் பிறந்த ஒன்று, பின்வந்த ரசிகரின் கையைத் தடுக்கும் சொத்தாகிவிட்டது. தஜிரியின் குணக்கேடு என்று இதைச் சொல்வதற்கில்லை. ஏடு பண்டமாகும்போது அதன் எல்லையில் வேலி முளைக்கும். வேலிக்குக் காவல் வரும். கல்லோயாக் காணிகளின் வரலாற்றை அறிந்த எமது வாசகருக்கு வேலியைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் தோழர் ஒன்றைத் தவறவிட்டார். அந்த மூன்றாண்டுப் பத்திரிகை, கம்பனிக்கு ஏறும் படிக்கட்டாக மட்டும் இருக்கவில்லை. அந்த மூன்றாண்டும் அது தன்னளவில் நிறைவான ஒன்றாயிருந்தது. கையில் நாணயம் குறைந்தவர்கள், தாம் கண்டதைத் தம் போன்றவர்களுக்கு எழுதிக் காட்டினார்கள். போக்கிமோன் வந்திராவிட்டாலும் அது நடந்ததுதான். ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் எந்தக் கம்பனியும் எழப்போவதில்லை. அதனால் எமது பையன்களின் ஒன்பதாம் பக்கம் பொய்யாகிவிடுமா?

சென்ற பள்ளி விடுமுறையில் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அந்த மாணவனின் வீட்டுக்குப் போனோம். தாய் வெளியே வந்து, முந்தானையால் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

“அவன் கட்டாருக்குப் போய் ஒரு வருசத்துக்கு மேல ஆகுது சேர். கொம்பனி வேல,” என்றார். பத்திரிகையை நீட்டினோம். அவர் வாங்கிப் புரட்டவில்லை. அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். “படம் கீறுறதெல்லாம் அவன்தான். எழுத்து மத்தப் பிள்ளைர. சோனகப் பிள்ளை. இப்பவும் பெருநாளைக்குச் சாப்பாடு கொண்டு வருவான்,” என்றார். பின்பு, “இத அந்தப் பிள்ளைக்கிட்டக் குடுங்க சேர். இஞ்ச இருந்தா மழைக்கு நனைஞ்சிரும்,” என்று திருப்பித் தந்தார்.

அந்தப் பையன் அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் சிறு கடையொன்றில் இருந்தான். கண்ணில் உருப்பெருக்கி, கையில் மெல்லிய திருகாணிச் செலுத்தி. நாம் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றான். பத்திரிகையை மேசைமேல் வைத்து, எம்மால் இயன்றவரை மன்னிப்புக் கேட்டோம். ஓர் ஆசிரியன் அந்த வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும்போது பிள்ளைதான் அதிகம் கூச்சப்படுகிறது.

“பரவால்ல சேர்,” என்றான். “ரெண்டாவதுட மத்தக் கொப்பி என்கிட்ட இரிக்கி. எப்பவும் ரெண்டு கொப்பி எழுதுவம். அவனுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு.”

நாம் பறித்தது ஒரு பிரதியைத்தான். அந்த மூன்றாண்டும் நாமே வரலாற்றை நிறுத்தியவர்போல் வருந்திக்கொண்டிருந்தது சற்று வேடிக்கையாகத் தோன்றியது.

“அப்போ மூன்றாவது இதழ்?” என்று கேட்டோம்.

அவன் சிரித்தான். “மூணாவதும் எழுதின நாங்க சேர். நாலாவதும். உங்களுக்குக் காட்டல்ல. நாலாவதைக் கொமினிகேஷன்ல முப்பது கொப்பி அடிச்சி, உங்கட பாடசாலையிலயும் குடுத்த நாங்க.”

அந்த இதழ்களைப் பார்க்கலாமா என்று கேட்டோம். எமது நாட்டுச் சிற்றேடுகளை 2005 முதல் மின்வடிவில் சேகரித்து வரும் நூலகம் நிறுவனத்துக்குக்கூட அனுப்பிவைக்கலாமே என்றோம். அவன் மேசை இழுப்பறையைத் திறந்து, பழைய மின்கலங்களையும் உடைந்த திரைகளையும் ஒதுக்கிப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

“நாலாவதைத் தம்பி ஒராள் வாசிக்கக் கேட்டான், குடுத்தன். மூணாவதை அதுக்கு முன்னமே ஒராள் கொண்டு போய்ட்டான். ரெண்டும் திரும்பி வரல்ல சேர்.”